இருபதுக்கு ஒன்று

சித்திரை வெயில் ஏற ஏற நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு ஒரு தலைவலி கூடும். தீவனம் மாறவில்லை, கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் குறைவில்லாமல் போகின்றன. ஆனாலும் அட்டையில் அடுக்கும்போது கீறல் முட்டை அதிகமாகிறது. ஓடே கட்டாத தோல்முட்டையும் அங்கங்கே தட்டுப்படுகிறது. கால்சியம் பற்றவில்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் வெயிலில் கோழி முதலில் இழப்பது கால்சியத்தை அல்ல, காற்றை.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. கொட்டகைக்குள் வெப்பம் முப்பது டிகிரியைத் தாண்டிப் போகப் போக, அலகைத் திறந்து இரைப்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வழி. தொண்டை ஈரம் ஆவியாகி உடம்பு குளிர்கிறது. கூடவே, இரத்தத்தில் இருக்கவேண்டிய கரியமில வாயுவும் தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. முட்டை ஓடு என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதில் கால்சியம் தீவனத்திலிருந்தும் எலும்பிலிருந்தும் வருகிறது. கார்பனேட் பகுதியோ, கரியமில வாயுவிலிருந்தும் அது கரைந்து உண்டாகும் பைகார்பனேட்டிலிருந்தும் வருகிறது. ஓர் ஓட்டைக் கட்ட ஏறத்தாழ இருபது மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் கோழி இரைத்துக்கொண்டிருந்தால் கட்டுமானப் பொருளில் பாதி மூச்சோடு போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

1980-களில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெப்பத்தில் வைத்த முட்டைக்கோழிகளுக்குச் சோடாத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். கரியமில வாயுவை அழுத்தி ஏற்றிய தண்ணீர்தான், நம் கோலி சோடா மாதிரி. ஓட்டின் தரம் தேறியது. கோடைத் தீவனத்தில் சோடியம் பைகார்பனேட், அதாவது சமையலறைச் சோடா உப்பு, கலப்பதும் இதே கணக்கில்தான்.

இந்தக் கணக்கு கோழிக்கு மட்டும் உரியதல்ல. கால்நடை மருத்துவம் படிக்கிறவரும் மனித மருத்துவம் படிக்கிறவரும் இதற்கு ஒரே சமன்பாட்டைத்தான் படிக்கிறார்கள். அந்தச் சமன்பாட்டைச் சமையலறையில் வைத்தே புரிந்துகொள்ளலாம்.

சமையலறையில் நான்கு சாமான்

உடம்பை ஒரு பழைய சமையலறையாக வைத்துக்கொள்வோம். இரவும் பகலும் அணையாத அடுப்பு. அதற்கு மேலே புகைபோக்கி. அலமாரியில் ஒரு சோடா உப்பு டப்பா. மூலையில் பாத்திரம் கழுவும் அங்கணம்.

அடுப்பு என்பது செல்கள். சோறும் எண்ணெயும் பருப்பும் அங்கே எரிகின்றன. எரிவதால் உண்டாகும் புகை கரியமில வாயு. சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரின் உடம்பிலேயே நாளொன்றுக்குச் சுமார் 15,000 மில்லிமோல் உண்டாகிறது. எடையில் சொன்னால் அறுநூறு கிராமுக்கு மேல். இது தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம். சோடா குடிக்கும்போது நாக்கில் சுரீரென்று ஏறுவதில் இந்த அமிலத்துக்கும் பங்கு உண்டு. ஆக, உடம்பு உண்டாக்கும் மிகப் பெரிய அமிலச் சுமை நாம் சாப்பிடும் புளியோ ஊறுகாயோ அல்ல. நம் அடுப்புப் புகையேதான்.

புகைபோக்கி என்பது நுரையீரல். வரும் புகையை வந்த வேகத்தில் வெளியே தள்ளுவது அதன் வேலை. மூளைத்தண்டில் ஒரு காவல் இருக்கிறது. புகை கொஞ்சம் கூடினாலும் அது மூச்சை வேகப்படுத்தும், குறைந்தால் தணிக்கும். சில நிமிடங்களில் சரிக்கட்டிவிடும்.

எல்லாமே புகையாகப் போய்விடாது. முட்டை, பருப்பு, கறி ஆகியவற்றின் புரதத்தில் கந்தகம் உண்டு. அது எரிந்தால் கந்தக அமிலம் மிஞ்சும். பாஸ்பரஸிலிருந்து பாஸ்பாரிக் அமிலம். இவை ஆவியாகாத கசடு, புகைபோக்கி வழியே ஏறாது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஒரு மில்லிமோல் அளவில் சேரும். அறுபது கிலோ ஆளுக்கு அறுபது. புகையின் பதினைந்தாயிரத்தோடு ஒப்பிட்டால் அற்பம்தான். ஆனால் வெளியேற வேறு வழி இல்லாததால் இந்த அற்பம்தான் ஆளைக் கவிழ்க்கும்.

அதற்குத்தான் சோடா உப்பு டப்பா. ஓர் எவர்சில்வர் டம்ளரில் அரைக் கரண்டி சோடா உப்பைக் கரைத்து எலுமிச்சை பிழிந்து பாருங்கள். நுரைத்துப் பொங்கும். எலுமிச்சையின் அமிலத்தைச் சோடா பிடித்துக்கொண்டு, தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிட்டது. டம்ளர் திறந்திருப்பதால் வாயு பறந்துவிடுகிறது, புளிப்பும் அடங்குகிறது. இரத்தத்தில் ஒவ்வொரு நொடியும் நடப்பது இதே வேதிவினை. அங்கணத்துக்குப் போகவேண்டிய கசடு அமிலத்தைப் பைகார்பனேட் பிடித்து, அதன் புளிப்பை முறித்து, வாயுவைப் புகைபோக்கிக்கு அனுப்புகிறது.

ஆனால் பிடித்த ஒவ்வொரு முறையும் டப்பாவில் சோடா குறைகிறது. இரத்தத்திலும் செல்களுக்கு வெளியே உள்ள நீரிலும் இருக்கிற பைகார்பனேட்டை எல்லாம் சோடா உப்பாக்கி நிறுத்தால் முப்பது கிராம் தேறும். இரண்டு மேசைக்கரண்டி, அவ்வளவுதான். இந்த இரண்டு கரண்டியை வைத்துக்கொண்டு எழுபது, எண்பது வருடம் குடித்தனம் நடத்தவேண்டும்.

நடத்த வைப்பது அங்கணம், அதாவது சிறுநீரகம். இங்கே அங்கணத்தில் தண்ணீர் வடிவது மட்டும் போதாது, பாத்திரம் விளக்கும் கையும் வேண்டும். நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் சிறுநீரகத்தில் வடிகட்டப்படுகிறது. அதோடு இறங்கும் பைகார்பனேட்டைச் சோடா உப்பாகக் கணக்கிட்டால் முந்நூற்றைம்பது கிராமுக்கு மேல். டப்பாவை ஒரு நாளில் பன்னிரண்டு தடவை கவிழ்ப்பதற்குச் சமம். கவிழ்ந்ததில் ஏறக்குறைய முழுவதையும் சிறுநீரகம் வழித்தெடுத்துத் திரும்பப் போட்டுவிடுகிறது. கசடு அமிலத்தை அம்மோனியமாகவும் பாஸ்பேட்டாகவும் சிறுநீரில் தள்ளுகிறது. அப்படித் தள்ளும் ஒவ்வொரு துளி அமிலத்துக்கும் ஒரு துளி புதுச் சோடாவைத் தயாரித்து டப்பாவை நிரப்புகிறது. வேலை நிதானம். புகைபோக்கி நிமிடங்களில் செய்வதை அங்கணம் செய்ய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஆனால் செய்தது நிற்கும்.

அளவல்ல, விகிதம்

அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பி.எச். என்ற அளவுகோலை 1909-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் வகுத்தார். அதில் எண் குறைந்தால் அமிலம் கூடுகிறது. இரத்தத்தின் அளவு 7.35 முதல் 7.45 வரை. இடைவெளி சிறியதாகத் தெரியும், ஆனால் 7.4 என்பது 7.1 ஆனாலே அமிலம் இரண்டு மடங்காகிவிட்டது என்று பொருள். 6.8-க்குக் கீழும் 7.8-க்கு மேலும் உயிர் தரிப்பது அபூர்வம்.

இந்த எண்ணை எது தீர்மானிக்கிறது? அமெரிக்கரான ஹென்டர்சன் 1908-இலும் டென்மார்க்கின் ஹாசல்பால்க் 1916-இலும் சேர்த்துக் கட்டிய சமன்பாடு இதற்குப் பதில் சொல்கிறது. சோடா எவ்வளவு என்பதும் முக்கியமில்லை, வாயு எவ்வளவு என்பதும் முக்கியமில்லை. ஒன்றுக்கு இன்னொன்று எத்தனை மடங்கு என்பதே முக்கியம். நல்ல உடம்பில் பைகார்பனேட் லிட்டருக்கு 24 மில்லிமோல், கரைந்த கரியமில வாயு 1.2. இருபதுக்கு ஒன்று. இந்த விகிதம் நின்றால் பி.எச். 7.4-இல் நிற்கும். சோடா பாதியாகிப் போனாலும், புகையும் பாதியானால் இரத்தம் அசையாது.

கைப்பக்குவம் தெரிந்தவர்கள் இதில் வியக்க மாட்டார்கள். குழம்பில் புளி கூடிவிட்டதா என்பது எத்தனை கொட்டைப்பாக்கு அளவு புளி போட்டோம் என்பதில் மட்டும் இல்லை, பானையில் மற்றது எவ்வளவு என்பதிலும்தான் இருக்கிறது.

அமில-காரக் கோளாறு எல்லாம் இந்த விகிதம் நான்கு வழியில் கெடுவதுதான். புகை கூடலாம், குறையலாம். சோடா குறையலாம், கூடலாம். ஒரு பக்கம் கெட்டால் மறுபக்கம் அதே திசையில் நகர்ந்து விகிதத்தைக் காப்பாற்றப் பார்க்கும்.

புகைபோக்கி அடைத்தால்

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், கடும் ஆஸ்துமா, மூச்சுத்தசை தளர்ச்சி, தூக்க மருந்தோ அபின் வகை மருந்தோ மிஞ்சுவது ஆகியவற்றில் புகை வெளியேறாமல் தேங்கும். இதை மருத்துவர்கள் சுவாச வழி அசிடோசிஸ் என்கிறார்கள். ஆயுள் முழுக்க விறகடுப்பு ஊதிய பெண்களுக்குப் பீடி சிகரெட் பழக்கமே இல்லாமலும் இந்த அடைப்பு நோய் வருகிறது. வெளிப்புகை உள்ளே போனதால் உட்புகை வெளியே வரமுடியாத நிலை. ஆள் மந்தமாவார், பகலிலேயே தூங்கி விழுவார், காலையில் தலை வலிக்கும். நாள்பட நாள்பட அங்கணம் சோடாவைக் கூடுதலாகச் சேமித்து விகிதத்தைத் தாங்கிப் பிடிக்கும்.

அந்தச் சேமிப்பைத் தவறாக வாசித்தால் என்ன ஆகும் என்பதற்கு 1952-இன் கோபன்ஹேகன் சாட்சி. போலியோ கொள்ளைநோயாகப் பரவிய அந்தக் கோடையில், பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத்தசை விழுந்த 31 நோயாளிகளில் 27 பேர் முதல் மூன்று வாரங்களிலேயே இறந்துபோனார்கள். அன்றைய சோதனையில் தெரிந்தது, இரத்தத்தில் கரியமில வாயு வகை எல்லாம் சேர்த்து எவ்வளவு என்ற மொத்தத் தொகை மட்டுமே. தொகை எகிறியிருந்தது. சோடா மிகுந்துவிட்டது, இது காரக் கோளாறு என்று எடுத்துக்கொண்டார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் மறுத்தார். புகைதான் தேங்கியிருக்கிறது, ஆட்கள் மூச்சு விடமுடியாமல் சாகிறார்கள் என்றார். ஆகஸ்ட் மாத இறுதியில் ஒரு சிறுமியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்துக் காட்டினார். அதன் பிறகு சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து, மாதக்கணக்கில், படுக்கையருகே உட்கார்ந்து பை அமுக்கினார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் பிறப்பு அங்கேதான். அந்த மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பால் ஆஸ்ட்ரப், பி.எச்.சையும் வாயு அளவையும் விரைவாகக் கண்டறியும் முறையை உருவாக்கினார். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருக்கும் இரத்த வாயுக் கருவிக்கு அது முன்னோடி. ஒரு தொகையை மட்டும் பார்த்தவர்களுக்குப் பிடிபடாத நோய், விகிதத்தைப் பார்த்தவருக்குப் பிடிபட்டது.

புகைபோக்கி அதிகம் இழுத்தால்

இது நாமக்கல் கோழியின் கோளாறு. மனிதருக்குப் பயம், பதற்றம், கடும் வலி, காய்ச்சல், உயரமான மலை ஆகியவற்றால் வரும். மூச்சு வேகமாகிப் புகை குறைந்துவிடுகிறது, விகிதம் காரப் பக்கம் சாய்கிறது. அப்போது இரத்தக் கால்சியத்தில் ஒரு பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மொத்தக் கால்சியம் அப்படியே இருக்கும், வேலைக்கு ஆகும் கால்சியம் மட்டும் குறையும். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போலிருக்கும், விரல்கள் மரத்துக் குவிந்து இழுக்கும். கோழிக்கு ஓட்டில் தெரிவது நமக்கு விரலில் தெரிகிறது. மூச்சை நிதானப்படுத்தினால் தானாக விலகும். காகிதப் பைக்குள் மூச்சு விடச்சொல்லும் பழைய யோசனையை இப்போது பரிந்துரைப்பதில்லை. அது பதற்றமாக இல்லாமல் ஆஸ்துமாவாகவோ மாரடைப்பாகவோ இருந்தால் ஆபத்து.

சோடா குறைந்தால்

இந்த வகைக்கு வளர்சிதை வழி அசிடோசிஸ் என்று பெயர். உயிர்ச்சேதம் செய்வதில் இது முன்வரிசை. டப்பா காலியாக இரண்டு வழி. ஒன்று, சோடா நேராகக் கொட்டிப்போவது. இன்னொன்று, புது அமிலம் வந்து அதைத் தின்றுவிடுவது.

கொட்டிப்போவதற்கு முதல் எடுத்துக்காட்டு வயிற்றுப்போக்கு. குடல்நீரில் பைகார்பனேட் மிகுதி. காலரா போன்ற கழிச்சலில் தண்ணீரோடு அதுவும் போய்விடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2002-ஆம் ஆண்டு ஓ.ஆர்.எஸ். கலவையில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு ஆகியவற்றோடு 2.9 கிராம் சோடியம் சிட்ரேட்டும் இருப்பது அதனால்தான். ஈரலில் சிட்ரேட் பைகார்பனேட்டாக மாறி டப்பாவை நிரப்பும். பொட்டலம் கிடைக்கும்வரை உப்புச் சர்க்கரைக் கரைசல் உயிர்காக்கும். ஆனால் பொட்டலத்தில் இருக்கும் இந்தச் சரக்கு அதில் இல்லை.

அமிலம் தின்பதற்குச் சர்க்கரை நோய் எடுத்துக்காட்டு. இன்சுலின் இல்லாமல் போனால் அடுப்பில் சர்க்கரை எரியாது, கொழுப்பு தாறுமாறாக எரிந்து கீட்டோன் அமிலங்கள் குவியும். சோடா கரைந்துபோகும். புகைபோக்கி தன் பங்குக்குப் புகையைக் குறைத்து விகிதத்தைக் காப்பாற்ற ஓடும். ஆள் ஆழமாக, இடைவிடாமல், பெருமூச்சாக இழுத்துக்கொண்டிருப்பார். ஜெர்மன் மருத்துவர் குஸ்மால் 1874-இல் பதிவுசெய்த இந்த மூச்சு இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. நுரையீரலில் நோயே இருக்காது. வீட்டார் ஆஸ்துமா என்று நினைப்பார்கள்.

அடுப்புக்குக் காற்று கிடைக்காவிட்டால் லாக்டிக் அமிலம் சேரும். கிருமித் தொற்று இரத்தத்தில் பரவி இரத்த அழுத்தம் விழும்போது இப்படி நடக்கும். சேலம், நாமக்கல் வட்டாரத்துக்குப் பழக்கமான இன்னொரு காரணமும் உண்டு. ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளிக் கிழங்கிலும் அதன் இலையிலும் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது. பச்சையாகத் தின்ற ஆடுமாடு துடித்து விழுவது அதனால். ஹைட்ரோசயனிக் அமிலம் என்று பெயர் இருந்தாலும், அதன் புளிப்பு கொல்வதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல் அதைப் பயன்படுத்தமுடியாமல் செய்துவிடுகிறது. அடுப்பு மூச்சுத் திணறி லாக்டிக் அமிலம் குவிகிறது.

சிறுநீரகம் செயலிழந்தால் கசடு அமிலம் வெளியேறாது, புதுச் சோடாவும் தயாராகாது. நாளொன்றுக்கு அறுபது மில்லிமோல் என்ற அந்த அற்பக் கணக்குப்படி டப்பா ஆறு நாளில் காலியாகவேண்டும். ஆகாததற்குக் காரணம், ஹீமோகுளோபினும் எலும்பும் அமிலத்தில் ஒரு பங்கை ஏற்பதுதான். எலும்பு தன் கார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து இரத்தத்தைக் காக்கும், வருடக்கணக்கில் தேயும். சிறுநீரக நோயாளிக்கு மருத்துவர் சோடா உப்பு மாத்திரை எழுதுவதும், டயாலிசிஸ் நீரில் பைகார்பனேட் சேர்ப்பதும் இதற்காக.

சோடா கூடினால்

விடாமல் வாந்தி எடுத்தால் இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலம் போய், சோடா மிஞ்சிவிடும். நீர் பிரிய எழுதும் சில மாத்திரைகளும் இதைச் செய்யும். மூச்சு மெதுவாகும், பொட்டாசியம் இறங்கும், இதயத் துடிப்பு தடுமாறலாம். அமிலம் கொடுத்துச் சரிசெய்யவேண்டியதில்லை. இழந்த நீரையும் குளோரைடையும் பொட்டாசியத்தையும் கொடுத்தால் பெரும்பாலும் அங்கணம் கூடுதல் சோடாவைத் தானே வெளியே தள்ளிவிடும்.

சீட்டை வாசிப்பது

இரத்த வாயுச் சோதனைக்கு இரத்தத்தைப் பெரும்பாலும் மணிக்கட்டுத் தமனியில் எடுப்பார்கள். சிரையில் எடுப்பதைவிட வலிக்கும். சீட்டில் முதலில் பார்ப்பது பி.எச். சாய்வு எந்தப் பக்கம்? அடுத்து, அந்தச் சாய்வுக்குக் காரணம் புகையா, சோடாவா? மூன்றாவது, மறுபக்கம் போதுமான அளவு நகர்ந்திருக்கிறதா?

எடுத்துக்காட்டாக ஒரு சீட்டில் பைகார்பனேட் 12, அதாவது பாதி. கரியமில வாயு அழுத்தம் வழக்கமான 40-லேயே, அதாவது கரைந்த வாயு 1.2-லேயே, நின்றிருந்தால் விகிதம் பத்துக்கு ஒன்றாகி பி.எச். 7.1-க்கு விழுந்திருக்கும். ஆனால் சீட்டில் அழுத்தம் 26, பி.எச். 7.29. புகைபோக்கி தன்னால் முடிந்ததை ஒழுங்காகச் செய்திருக்கிறது. இதே ஆளுக்குச் சற்று நேரத்தில் அழுத்தம் 40-க்குத் திரும்பினால், "வழக்கமான அளவுக்கு வந்துவிட்டது" என்று மகிழக்கூடாது. மூச்சுத்தசை களைத்துவிட்டது, உடனே துணை வேண்டும் என்று அதற்குப் பொருள்.

நான்காவது, சோடா கொட்டியதா, தின்னப்பட்டதா? சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழிப்பார்கள். 140-இல் 104-உம் 24-உம் போக 12. வயிற்றுப்போக்கில் போன சோடாவின் இடத்தைக் குளோரைடு பிடித்துக்கொள்வதால் இந்த மிச்சம் மாறாது. கீட்டோனோ லாக்டேட்டோ வந்து குந்தியிருந்தால் மிச்சம் இருபது, முப்பது என்று விரியும். சீட்டில் அச்சாகாத அமிலத்தை ஒரு கழித்தல் கணக்கு காட்டிக்கொடுக்கிறது.

காசு கொடுத்து வாங்க வேண்டாதவை

நெஞ்செரிச்சலை எல்லோரும் அசிடிட்டி என்கிறோம். அது இரைப்பை அமிலம் மேலேறுவது. இரைப்பையின் பி.எச். இரண்டை ஒட்டி இருக்கவேண்டியதுதான். அதற்கும் இரத்தத்தின் பி.எச்.சுக்கும் சம்பந்தம் இல்லை. காரத் தண்ணீர் என்று விலை வைத்து விற்கும் தண்ணீர் இரைப்பைக்குள் இறங்கியதும் அமிலத்தில் அடங்கிவிடும். மிஞ்சிப் போனதை அங்கணம் சிறுநீரில் தள்ளிவிடும். மாறுவது சிறுநீரின் பி.எச். மட்டுமே. எலுமிச்சைச் சாறும் அப்படித்தான். உடம்புக்கு நல்லதுதான், ஆனால் இரத்தத்தைக் காரமாக்கும் என்பது கதை. சோடா உப்பைத் தினமும் கரைத்துக் குடிப்பவர்களுக்கு அதன் சோடியம் இரத்த அழுத்தத்தை ஏற்றும், இதய நோய் இருந்தால் நீர் கோக்கும்.

இருபதுக்கு ஒன்றைக் காப்பது கடையில் வாங்கும் பாட்டில் அல்ல, நுரையீரலும் சிறுநீரகமும்தான். பார்த்துக்கொள்ள வேண்டியது அவற்றை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் வருடம் ஒருமுறை கிரியேட்டினினும் சிறுநீர்ப் புரதமும் பார்த்துக்கொள்வது, விறகடுப்பு இருக்கும் வீட்டில் புகை வெளியேற வழி வைப்பது, வயிற்றுப்போக்குக்கு முதல் மணி நேரத்திலேயே ஓ.ஆர்.எஸ். பிரிப்பது. சர்க்கரை நோயாளி ஒருவர் வாந்தியோடு ஆழமாக மூச்சு வாங்கத் தொடங்கினால் ஆவி பிடிக்கவைத்து நேரம் கடத்தாதீர்கள். அவருடைய டப்பா காலியாகிக்கொண்டிருக்கிறது, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.